வியர்க்காத இரும்பு, அதிராத தரை

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் வழியில் இருக்கும் திருமயத்தை வெளியூர்க்காரர்கள் கோட்டைக்காகவும் பெருமாள் கோயிலுக்காகவும் அறிவார்கள். பொறியாளர்களுக்கு அந்த ஊரைத் தெரிய வேறொரு காரணம் உண்டு. பெல் நிறுவனத்தின் மின்நிலையக் குழாய் ஆலை அங்கே இருக்கிறது. 2013 ஆகஸ்ட் 2 அன்று அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அனல்மின் நிலையத்தில் கொதிகலனிலிருந்து டர்பைனுக்கு நீராவியைச் சுமந்து செல்லும் கனத்த குழாய்கள்தான் இந்த ஆலையின் சரக்கு.

அப்படிப்பட்ட குழாய்களுக்குள் ஓடும் நீராவி 540 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். குளிர்ந்து கிடக்கும்போது 100 மீட்டர் இருக்கும் குழாய், அந்தச் சூட்டில் 60 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். ஆகவே குழாய் வேலைக்காரர்கள் எப்போதும் இரண்டு கணக்குகளைச் சேர்த்தே போடுகிறார்கள். வெப்பம் ஓடிப்போகாமல் எதைக் கொண்டு போர்த்துவது? அசைவுக்கு எங்கே இடம் விடுவது, எங்கே கட்டிப்போடுவது?

இந்த இரண்டு கணக்கும் இன்னும் சிக்கலாக வந்து சேரும் இயந்திரம் ஒன்று உண்டு. ஒரே இரும்பு உடம்பில் ஒரு பக்கம் 150 டிகிரி, மறுபக்கம் 5 டிகிரி. சூட்டைக் கொடுத்தால் குளிரைத் தரும் அந்த இயந்திரம்தான் அப்சார்ப்ஷன் சில்லர். ஆலைகளில் சுருக்கமாக ‘விஏஎம்’ என்பார்கள். உள்ளே ஓடித் தேயும் உறுப்புகள் அதில் மிகக் குறைவு. அதற்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வருகின்றன: வெளிக்காற்று, காற்றிலுள்ள ஈரம், பக்கத்துப் பம்பின் அதிர்வு. நிறுவும் வாரங்களில் இந்த மூன்றுக்கும் வாசலை அடைத்துவிட்டால் இயந்திரம் பல வருடம் அமைதியாக உழைக்கும்.

சூடு கொடுத்துக் குளிர் வாங்குவது

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல்மட்டக் காற்றழுத்தத்தில் மட்டுமே உண்மை. அந்த அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அதை ஆறரை மில்லிமீட்டருக்கு இறக்கினால் தண்ணீர் 5 டிகிரியிலேயே கொதிக்கும். சில்லரின் ஆவியாக்கிக் கூட்டில் இந்த அளவு வெற்றிடம் நிலவுகிறது. கட்டடத்திலிருந்து 12 டிகிரியில் திரும்பி வரும் தண்ணீர் அங்கே செப்புக் குழாய்களுக்குள் ஓடுகிறது. குழாய்களின் மேல் தெளிக்கப்படும் இன்னொரு தண்ணீர், அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. உள்ளே ஓடும் தண்ணீர் 7 டிகிரிக்குக் குளிர்ந்து வெளியேறுகிறது.

ஆவி சேரச் சேர அழுத்தம் ஏறிவிடும், கொதிப்பு நின்றுவிடும். எனவே ஆவியை உடனுக்குடன் யாராவது அள்ள வேண்டும். சாதாரண ஏசியில் மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரசர் அதைச் செய்கிறது. இங்கே செய்வது ஒரு உப்பு. மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி தானாகவே நீர்த்துப் போகுமே, அதே குணத்தைப் பல மடங்கு கொண்டது லித்தியம் புரோமைடு. அறுபது சதவீதத்துக்கு மேல் அடர்ந்த அதன் கரைசல், பக்கத்துக் கூட்டிலிருந்து நீராவியை வேகமாக உறிஞ்சுகிறது. உறிஞ்சி நீர்த்துப்போன கரைசலை ஒரு பம்பு ஜெனரேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே நீராவியோ சுடுநீரோ இன்ஜின் புகையோ அதைச் சூடாக்கித் தண்ணீரைப் பிரிக்கிறது. பிரிந்த ஆவி கண்டென்சரில் நீராகி மறுபடி ஆவியாக்கிக்கு வருகிறது. அடர்ந்த கரைசல் மறுபடி உறிஞ்சப் போகிறது.

அளவு சொன்னால் இன்னும் தெளியும். குளிர்ச்சியை அளக்கும் ‘டன்’ என்பது 3.5 கிலோவாட் வெப்பத்தை நீக்கும் திறன். 100 டன் சில்லருக்குள் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 500 கிலோ தண்ணீர் அந்த ஆறரை மில்லிமீட்டர் அழுத்தத்தில் கொதித்து முடிகிறது. 500 டன் குளிர்ச்சிக்கு மின் கம்ப்ரசர் 300 கிலோவாட் அளவில் கேட்கும். அதே வேலைக்கு அப்சார்ப்ஷன் சில்லரின் உள் பம்புகள் கேட்பது பத்து கிலோவாட்டைச் சுற்றித்தான். மீதிச் செலவெல்லாம் வெப்பத்தில். ஒற்றை விளைவு இயந்திரம் ஒரு பங்கு வெப்பம் வாங்கி 0.7 பங்கு குளிர் தரும். வெப்பத்தை இரண்டு முறை பயன்படுத்தும் இரட்டை விளைவு இயந்திரம் 1.2 பங்குக்கு மேல் தரும். ஆனால் அதற்கு 8 பார் அழுத்தத்தில் நீராவி வேண்டும்.

ஆக, வெப்பம் மலிவாகவோ வீணாகவோ கிடைக்கும் இடத்தில்தான் இந்த இயந்திரத்துக்கு மதிப்பு. கரும்புச் சக்கையை எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கும் சர்க்கரை ஆலைகள், வெயிலை ஆடிகளால் குவித்து வெப்பம் எடுக்கும் நிலையங்கள் போன்றவை இதற்குப் பொருத்தமானவை. குருகிராமுக்கு அருகே குவால் பஹாரியில் உள்ள மத்திய அரசின் சூரிய ஆற்றல் மையத்தில், புனேயின் தெர்மாக்ஸ் நிறுவனம் 2011இல் 100 கிலோவாட் குளிர்ச்சி தரும் மூன்று விளைவு இயந்திரத்தை வெயிலில் ஓட்டிக் காட்டியது.

யோசனை பழையது. பிரான்சின் ஃபெர்டினாண்ட் காரே 1859இலேயே அம்மோனியாவையும் தண்ணீரையும் கொண்டு இப்படி ஓர் ஐஸ் இயந்திரம் செய்துவிட்டார். லித்தியம் புரோமைடில் ஓடும் பெரிய சில்லரை அமெரிக்காவின் கேரியர் நிறுவனம் 1945இல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

வெப்பக்காப்பின் கதைக்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம், 1842இல் பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடரின் ஐஸ் கிடங்காகக் கட்டப்பட்டது. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி மரத்தூளுக்குள் புதைந்து, நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி இந்தியா வந்தது. 1833இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதல் சரக்கில் 180 டன் ஏற்றினார்கள். நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகும் ஏறக்குறைய 100 டன் கரையாமல் இறங்கியது. மரத்தூளின் வேலை காற்றை அசையவிடாமல் சிறு சிறு இடைவெளிகளில் அடைத்து வைத்ததுதான். இன்றைய ரப்பர் நுரையும் கண்ணாடிக் கம்பளியும் செய்வதும் அதே வேலை.

வெயிலைவிட மழையே எதிரி

சில்லரின் குளிர்ப் பக்கத்தை ஏன் போர்த்த வேண்டும் என்று கேட்டால், குளிர் வீணாகாமல் இருக்க என்றுதான் எவரும் சொல்வார்கள். அது பாதி விடை. மீதிப் பாதி ஈரம். காற்றை ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே குளிர வைத்தால் அதிலுள்ள நீராவி நீராகிவிடும். அந்த எல்லைக்குப் பனிநிலை என்று பெயர். 6 டிகிரியில் இருக்கும் இரும்பு நம் ஊர்க் காற்றில் எந்த மாதத்திலும் பனிநிலைக்குக் கீழேதான். போர்த்தாவிட்டால் வருடம் முழுக்க வியர்க்கும். தரையில் நீர் தேங்கும், பெயின்ட் உரியும், கூடு துருப்பிடிக்கும். வெற்றிடத்தில் ஓடும் இயந்திரத்தின் கூட்டில் துரு ஓட்டை போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு தடிமனில் போர்த்துவது? விதி எளிது. காப்பின் வெளிப்பரப்பு பனிநிலைக்கு மேலே இருக்க வேண்டும். சில்லர்களில் வழக்கமாக ஒட்டப்படும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் நுரையின் வெப்பக் கடத்துத்திறன் 0.035. அசையாத காற்று ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஏறக்குறைய 8 வாட் வெப்பம் தரும். இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் மூன்று பொழுதுகளை எடுத்துப் பார்க்கலாம்.

முதலாவது, மே மாத நண்பகல். வெப்பம் 38 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம். பனிநிலை 20 டிகிரி. வியர்வையைத் தடுக்க மட்டும் என்றால் நான்கு மில்லிமீட்டர் ரப்பர்கூடத் தேவையில்லை.

இரண்டாவது, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் கடலோர இரவு. 30 டிகிரி, ஈரப்பதம் 85. பனிநிலை 27.2. தேவைப்படும் தடிமன் 33 மில்லிமீட்டர்.

மூன்றாவது, வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த கார்த்திகை இரவு. வெப்பம் 26தான், ஆனால் ஈரப்பதம் 90. பனிநிலை 24.2. இப்போது 45 மில்லிமீட்டர் வேண்டும்.

அனல் வீசும் மே மாதத்தில் பிழைத்துக்கொண்ட காப்பு, ஜில்லென்ற கார்த்திகையில் சொட்டத் தொடங்கிவிடும். வெயில் மட்டும் இருந்தால் ரப்பரில் மிச்சம் பிடிக்கலாம், ஈரம் விடாது. எனவே தடிமன் கணக்கைக் கோடையின் உச்ச வெப்பத்தை வைத்துப் போடுபவர் தவறான மாதத்தைப் பார்க்கிறார். நடைமுறையில் 25 அல்லது 32 மில்லிமீட்டர் ஷீட்டையே பெரும்பாலும் எடுக்கிறார்கள். கடலோரத்துக்கு இரண்டு அடுக்கு, மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்பு மேல் விழாதபடி ஒட்டுவது நல்லது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பார்க்கப் பளபளப்பாக இருக்கட்டும் என்று குளிர்க் காப்பின் மேல் அலுமினியத் தகடு போர்த்துவார்கள். பளபளக்கும் உலோகம் சுற்றுச்சுவர்களின் வெப்பக் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் வெளிப்பரப்பு இன்னும் குளிரும். அசையாத காற்றில் 8 வாட்டாக இருந்த வெப்பப் பரிமாற்றம் 5 வாட்டுக்கு இறங்கினால், கடலோரக் கணக்கில் 33 மில்லிமீட்டர் 53 ஆகிவிடுகிறது. கறுப்பு ரப்பர் வெறுமனே இருந்தபோது வியர்க்காத இடம், தகடு போட்ட பிறகு வியர்க்கலாம்.

ஒட்டும் கை

தடிமனைவிடப் பெரிய விஷயம் இணைப்பு. ரப்பர் நுரையின் ஒவ்வொரு குமிழும் மூடியது, ஆகவே நீராவி அதன் ஊடாக எளிதில் போகாது. ஆனால் இரண்டு ஷீட்டுகள் சேரும் இடத்தில் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் போதும். வெளிக்காற்றின் நீராவி அழுத்தம் உள்ளே இருப்பதைவிட அதிகம். அது ஓயாமல் உள்ளே தள்ளும். உள்ளே போன ஈரம் குளிர்ந்த இரும்பின் மேல் நீராகும், திரும்பி வராது. வெளியே உலர்ந்து அழகாக இருக்கும் ஷீட்டுக்கு உள்ளே துரு மாதக்கணக்கில் வளரும்.

நல்ல ஆள் ஒட்டும் முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இதற்கான விடை தெரியும். முதலில் கூட்டின் மேல் உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பிரைமர் அடித்து, காய விடுகிறார். ஷீட்டை அளவுக்குச் சில மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டுகிறார். பசையை இரும்பின் மேலும் ரப்பரின் மேலும் மெல்லிசாகத் தடவுகிறார். உடனே ஒட்டுவதில்லை. விரல் முதுகால் தொட்டுப் பார்க்கிறார். பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் நூல் இழுக்கக்கூடாது. அந்தப் பதம் வந்ததும் இரண்டு ஓரங்களையும் முதலில் சேர்த்து, நடுவை நோக்கி அழுத்துகிறார். கூடுதலாக விட்ட மில்லிமீட்டர்கள் ஓரங்களை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கின்றன. அவசரக்காரர் ஷீட்டை இழுத்து ஒட்டுவார். இழுத்த ரப்பர் சுருங்கப் பார்க்கும், இரண்டாவது மாதம் இணைப்பு வாய் பிளக்கும். இயந்திரம் ஓடிக் குளிர்ந்திருக்கும்போது ஒட்டினால் பசைக்கும் இரும்புக்கும் நடுவே ஈரம் சிக்கும். எனவே நிறுத்திவைத்து, உலர்ந்த இரும்பின் மேல்தான் ஒட்ட வேண்டும்.

குளிர்நீர்க் குழாயைத் தாங்கும் இரும்புப் பட்டை ரப்பரைத் துளைத்து நேராகக் குழாயைத் தொட்டால், அந்தப் பட்டையே வியர்த்துச் சொட்டும். அங்கே மரக்கட்டையோ கெட்டி நுரையில் வார்த்த தாங்கியோ வைத்து, அதன் மேல் பட்டையைக் கட்ட வேண்டும்.

எதைப் போர்த்தக் கூடாது என்ற பட்டியலும் அதே அளவு முக்கியம். உள்ளே கரைசலின் மட்டத்தைப் பார்க்கும் கண்ணாடி, வெற்றிட வால்வுகள், பாதுகாப்புத் தகடு, பம்பு மோட்டார்கள், பெயர்ப்பலகை எல்லாம் திறந்தே இருக்க வேண்டும். குழாய்களைச் சுத்தம் செய்ய வருடத்துக்கு ஒருமுறை கழற்றும் முனை மூடிகளின் மேல், கழற்றி மாட்டும் பெட்டியாகக் காப்பு செய்வார்கள். உறிஞ்சிக் கூட்டுக்கும் கண்டென்சருக்கும் பொதுவாகக் காப்பே கிடையாது. வெப்பத்தை வெளியே விடுவதுதான் அவற்றின் வேலை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தடை. கூட்டின் மேல் ஸ்க்ரூ முடுக்கக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது. தகடு நிற்க ஆணி வேண்டுமென்றால் பசையில் ஒட்டும் ஆணி. சாதாரணத் தொட்டியில் ஒரு சிறு துளை என்றால் சொட்டு நீர் கசியும், கண்ணுக்குத் தெரியும். வெற்றிடக் கூட்டில் துளை விழுந்தால் காற்று சத்தமில்லாமல் உள்ளே போகும். உள்ளே போன ஆக்சிஜன் உப்புக் கரைசலோடு சேர்ந்து இரும்பை அரிக்கும், குளிர்ச்சி குறையும்.

சூடான பக்கம்

ஜெனரேட்டர் பக்கத்தின் கணக்கு நேரானது. 150 டிகிரியில் போர்வையில்லாமல் நிற்கும் இரும்பு, சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை அறைக்குள் கொட்டும். 50 மில்லிமீட்டர் பாறைக் கம்பளி சுற்றி அலுமினியத் தகடு போட்டால் அது 100 வாட்டுக்குக் கீழே வந்துவிடும். தகட்டின் சூடு 45 டிகிரி அளவில் நிற்கும், கை பட்டால் சுடாது. இங்கே ரப்பர் நுரைக்கு வேலையில்லை, அந்தச் சூட்டில் அது கருகிவிடும். குளிர்ப் பக்கமும் சூடான பக்கமும் ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்து வருவதால், எங்கே ரப்பர் முடிந்து கம்பளி தொடங்குகிறது என்பதை வரைபடத்தில் நிறம் தீட்டிக் குறித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

சூடான பக்கத்தின் காப்புக்கு நம் மாவட்டத்தில் இன்னொரு பயனும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்களை வரிசை வரிசையாகச் சாய்த்தது. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்சார்ப்ஷன் சில்லருக்குத் திடீர் மின்தடை ஆகாது. முறைப்படி நிறுத்தும்போது பம்புகள் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடி, அடர்ந்த கரைசலையும் நீர்த்த கரைசலையும் கலந்துவிடும். மின்சாரம் சட்டென்று போனால் கலக்க வழியில்லை. 65 சதவீதத்தை நெருங்கிய கரைசல், அறை வெப்பநிலைக்கு இறங்கும் முன்பே படிகமாகிக் குழாயை அடைத்துவிடும். பிறகு வெளியிலிருந்து சூடுகாட்டிக் கரைக்க வேண்டும். கரைசல் ஓடும் வெப்பமாற்றியின் மேல் உள்ள தடித்த கம்பளி, கரைசல் ஆறும் வேகத்தைக் குறைக்கிறது. டீசல் ஜெனரேட்டரைக் கிளப்பி ஓட்டுவதற்கு அந்த இடைவெளி போதுமானதாக இருக்கும்.

யார் அதிர்கிறார்கள்?

கம்ப்ரசர் இல்லாத இயந்திரத்துக்கு அதிர்வுத் தடுப்பு எதற்கு என்று கேட்பது நியாயமே. ஓடும் சில்லரின் மேல் கையை வைத்தால் மெல்லிய முனகலைத் தவிர வேறெதுவும் தெரியாது. உள்ளே சிறிய பம்புகள் மட்டும்தான் சுழல்கின்றன. தரைத்தளத்தில் கான்கிரீட் மேடை மேல் ரப்பர் பேட் வைத்து நிறுத்தினாலே போதும் என்று தயாரிப்பாளர்கள் பலர் சொல்வது இதனால்தான்.

அதிர்வது அதன் அக்கம்பக்கம். குளிர்நீரைக் கட்டடத்துக்குத் தள்ளும் பெரிய பம்புகள், கூலிங் டவர் விசிறி, நீராவிக் குழாய். அப்சார்ப்ஷன் சில்லர் வாங்கும் வெப்பத்தையும் சேர்த்து வெளியே கொட்ட வேண்டியிருப்பதால், அதன் கூலிங் டவரும் கூலிங் பம்பும் மின் சில்லருக்கு வேண்டியதைவிடப் பெரியவை. அந்த அதிர்வு குழாய் வழியே சில்லரின் கூட்டுக்கு வந்து, வெல்டிங் இணைப்புகளை இரவும் பகலும் ஆட்டினால், ஒருநாள் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பிறகு மறுபடி அதே கதை: காற்று, துரு, குளிர்ச்சிக் குறைவு.

அதிர்வைப் புரிந்துகொள்ளச் சித்தன்னவாசலுக்குப் போகலாம். அங்குள்ள அறிவர் கோயில் பாறையில் குடைந்த சமணக் குகைக்கோயில், ஓவியங்களுக்குப் பேர்போனது. அதன் சிறிய உள்ளறையில் நின்று ஒரே சுருதியில் முனகினால், குறிப்பிட்ட சுருதியில் மட்டும் அறை முழுக்க ரீங்கரிக்கும். ஏறக்குறைய 9.5 அடி சதுரமான அந்த அறையின் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்வரும் காலம், 60 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 120 ஹெர்ட்ஸிலும் குரலோடு இசைந்து நிற்கும். ஆண்குரல் 120ஐ எளிதில் எட்டும். சுருதி கொஞ்சம் மாறினாலும் ரீங்காரம் அடங்கிவிடும்.

ஸ்பிரிங் மேல் நிற்கும் இயந்திரத்துக்கும் இப்படி ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். பாரம் ஏற்றியதும் ஸ்பிரிங் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியது என்று அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால் விடை ஹெர்ட்ஸில் வரும். 25 மில்லிமீட்டர் அமுங்கினால் 3.2 ஹெர்ட்ஸ். நிமிடத்துக்கு 1,450 சுற்றுச் சுற்றும் பம்பின் அதிர்வு 24 ஹெர்ட்ஸ், ஸ்பிரிங்கின் சொந்த அதிர்வெண்ணைப்போல் ஏழரை மடங்கு. இந்த நிலையில் பம்பின் அதிர்வு விசையில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தரைக்குப் போகும். 6 மில்லிமீட்டர் அமுங்கும் ரப்பர் என்றால் ஏழெட்டு சதவீதம். தரைத்தளத்துக்கு இதுவே போதும். மேல்மாடிக்கு, அதுவும் கீழே மருத்துவமனை வார்டு இருந்தால், போதாது.

ஸ்பிரிங் போட்டுவிட்டால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை தடுமாறும் இடம் கூலிங் டவர். பெரிய விசிறி மெதுவாகச் சுழலும். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் வெறும் 5 ஹெர்ட்ஸ். பம்புக்கு அற்புதமாக வேலை செய்த அதே 25 மில்லிமீட்டர் ஸ்பிரிங், இங்கே மூன்றில் இரண்டு பங்கு அதிர்வைக் கீழே விட்டுவிடும். பத்து மில்லிமீட்டர் அமுங்கும் மவுன்டிங்கைப் போட்டிருந்தால் அதன் சொந்த அதிர்வெண்ணே 5 ஹெர்ட்ஸ்தான். சித்தன்னவாசல் அறை குரலுக்குச் செய்வதை மவுன்டிங் விசிறிக்குச் செய்யும், அதிர்வு குறைவதற்குப் பதில் பெருகும். 50 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங்குக்குப் போனால்தான் கால் பங்காகக் குறையும்.

மாவட்டத்தின் பாறையும் இதில் பங்கெடுக்கிறது. புதுக்கோட்டையில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே கடினப் பாறை வரும். பாரம் தாங்க அது நல்லது. ஆனால் பாறை அதிர்வை உள்வாங்காமல் தூரத்துக்குக் கடத்தும். கல் குவாரி வெடிகளின் நில அதிர்வுக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997இல் எல்லைகள் வகுத்தது. குவாரிக்குச் சொந்தமில்லாத வீடுகள் இருக்கும் இடத்தில், 8 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட அதிர்வு நொடிக்கு 5 மில்லிமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. 25 ஹெர்ட்ஸுக்கு மேல் என்றால் 15 வரை போகலாம். மெதுவான அதிர்வைக் கட்டடங்கள் தாங்குவது கடினம் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

நிறுத்தும் வரிசை

500 டன் சில்லர் ஒன்று கரைசலும் தண்ணீரும் நிறைந்த நிலையில் பதினைந்து டன் எடையைத் தொடும். காலியாக வரும்போது அதில் பல டன் குறைவு. ஸ்பிரிங் மேல் நேரடியாக இறக்கினால் நிரப்ப நிரப்ப அது தாழும், ஏற்கெனவே பொருத்திய குழாய்கள் இழுபடும். பராமரிப்புக்காகத் தண்ணீரை வடித்தால் மேலே எழும்பும். இதற்காகத்தான் கட்டுப்பாட்டு போல்ட் உள்ள ஸ்பிரிங்குகள் வருகின்றன. ஓடும் நிலையில் எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரத்தில் தகடு செருகிப் பூட்டி வைக்கிறார்கள். சில்லரை மட்டம் பார்க்கிறார்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சாயக்கூடாது என்பது பல தயாரிப்பாளர்கள் கேட்கும் அளவு. சாய்ந்தால் உள்ளே தெளிக்கும் தட்டுகளில் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கக் குழாய்கள் காய்ந்து கிடக்கும். குழாய் வேலை முடிந்து, எல்லாம் நிரம்பிய பிறகே போல்டுகளைத் தளர்த்தி ஸ்பிரிங்கை விடுவிக்கிறார்கள். செருகிய தகடு கைக்கு லேசாக உருவி வந்தால் கணக்கு சரி.

இதற்குப் பிறகும் காரியத்தைக் கெடுப்பது சின்ன விஷயங்கள்தான். பம்பின் அடித்தளத்துக்கும் தரைக்கும் நடுவே கொத்தனார் விட்டுப்போன ஒரு கை சிமென்ட் கலவையோ ஒரு ஜல்லியோ இருந்தால் போதும். ஸ்பிரிங்கைச் சுற்றி அதிர்வுக்குக் குறுக்குவழி கிடைத்துவிடும். மோட்டாருக்கு வரும் மின்கம்பியைக் கெட்டிக் குழாயில் கொண்டுவந்து சுவரில் அறைந்தாலும் அதே கதிதான். கடைசி அரை மீட்டருக்காவது வளையும் குழாய் வேண்டும். பம்புக்கு இரு பக்கமும் ரப்பர் பெல்லோஸ், அதையடுத்த முதல் சில தாங்கிகள் ஸ்பிரிங்கில் தொங்குவது ஆகியவை வழக்கமான ஏற்பாடு. கோணலாக வந்த குழாயை பெல்லோஸை இழுத்துச் சரிக்கட்டினால், அது விறைத்து அதிர்வை அப்படியே கடத்தும்.

நீராவிக் குழாயில் ரப்பர் எடுபடாது. 175 டிகிரி நீராவி ஓடும் 30 மீட்டர் இரும்புக் குழாய் 5 சென்டிமீட்டர் நீளும். அந்த நீட்சி சில்லரின் வாய்க்குழாயைத் தள்ளாமல் இருக்க, வழியில் வளைவு கொடுத்தோ உலோக பெல்லோஸ் வைத்தோ நடுவில் ஓர் இடத்தில் குழாயை அசையாமல் கட்டுகிறார்கள்.

வேலைகளின் வரிசையை மாற்றக்கூடாது. முதலில் நைட்ரஜன் நிரப்பி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்க வேண்டும். பிறகு காற்றை உறிஞ்சி, வெற்றிடம் ஒரு நாள் முழுக்க ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே கரைசல், தண்ணீர், ஸ்பிரிங் விடுவிப்பு, கடைசியாகக் காப்பு. தேதி நெருங்குகிறது என்று காப்பை முன்னால் ஒட்டிவிட்டால், கசிவு எங்கே என்று தேட அத்தனை ரப்பரையும் கிழிக்க வேண்டியிருக்கும்.

ஒப்பந்தக்காரர் கணக்கை முடித்துப் போன பிறகு செய்ய வேண்டிய சோதனை ஒன்று பாக்கி இருக்கும். அதற்கான நேரம் முதல் வடகிழக்குப் பருவமழை. ரப்பர் இணைப்புகளை விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். மெத்தென்று அமுங்கி நீர் கசியும் இடத்தில் உள்ளே ஈரம் புகுந்துவிட்டது. மூடிய குமிழ்கள் கொண்ட ரப்பருக்கு அடியில் சிக்கிய நீர் தானாக உலராது. மேலே டேப் ஒட்டினால் ஈரம் உள்ளேயே பூட்டப்படும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, சில்லரை நிறுத்தி இரும்பை உலர்த்தி, துருவைத் தேய்த்து, புதிய ஷீட்டைச் சில மில்லிமீட்டர் கூட்டி வெட்டி ஒட்ட வேண்டும்.